சுருள் படி வலப்பக்கம் திரும்புவது வாளுக்காகவா? அயர்லாந்தின் கோபுர வீடுகள்

கேள்வி: கோட்டைவாசல், பிப்ரவரி 3

அயர்லாந்துக் கோட்டைகள் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். அங்கே சுருள் படிக்கட்டு எல்லாமே வலஞ்சுழியாகத்தான் ஏறுமாம். கீழிருந்து வரும் எதிரிக்கு வலது கையில் வாள் வீச இடமிருக்காது, மேலே நிற்பவனுக்கு இருக்கும். வாசலுக்கு மேலே ஓர் ஓட்டை, அது வழியாகக் கொதிக்கும் எண்ணெய். எந்தப் படையாலும் இந்தக் கோபுரங்களைப் பிடிக்க முடியவில்லை என்று முடித்தார்கள். அக்கா, நீங்கள் அங்கேதானே இருக்கிறீர்கள், உண்மையா?

பிப்ரவரி 3, இரவு 11.20

பாதி உண்மை. மீதிப் பாதி, டிக்கெட் வாங்கி வருபவர்களுக்குச் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை.

முதலில், நீங்கள் பார்த்தது கோட்டை என்று நாம் மனதில் வைத்திருக்கும் சமாச்சாரம் இல்லை. இதற்கு இங்கே டவர் ஹவுஸ் என்று பெயர். கோபுர வீடு. நாலைந்து மாடி, ஒரு மாடிக்கு ஒரு பெரிய அறை, சுவருக்குள்ளேயே படிக்கட்டு, சுவருக்குள்ளேயே கக்கூஸ். பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கட்டித் தள்ளியிருக்கிறார்கள். நாடு முழுக்க 3,000-க்கு மேல் இருந்திருக்கும் என்பது கணக்கு. நான் இருக்கும் லிமெரிக் மாவட்டத்தில் மட்டும் 400-க்கு மேல். டியூட்டிக்குப் போகிற வழியில் பஸ் ஜன்னலிலிருந்தே இரண்டைப் பார்க்கிறேன். ஒன்றின் தலையில் மரம் முளைத்திருக்கிறது.

ராஜா கட்டியதில்லை. ஊர்ப் பெரிய தலைக்கட்டு, கொஞ்சம் நிலமும் நிறைய மாடும் வைத்திருந்தவன், அவன் குடும்பத்துக்குக் கட்டிக்கொண்டது. ஐரிஷ் குலத் தலைவர்களும் கட்டினார்கள், எப்போதோ வந்து தங்கிவிட்ட நார்மன் வம்சத்தாரும் கட்டினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் யாருடையது என்று சொல்ல முடியாது.

வாசலில் நுழைவதை மட்டும் சொல்கிறேன், அதுதான் ரசமான இடம். கதவு தரைமட்டத்திலேயே இருக்கும். குனிந்து போகிற உயரம். மரக்கதவுக்கு வெளியே இரும்புக் கிராதிக் கதவு ஒன்று, 'யெட்' என்பார்கள். அதில் ஒரு சங்கிலி. வாசல் நிலைக்கல்லில் ஒரு துளை இருக்கும். சங்கிலியை அதற்குள் விட்டு உள்ளேயிருந்து இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். கிராதி போய்ச் சேர்ந்துவிட்டாலும் பல இடங்களில் அந்தத் துளை இருக்கிறது. விரல் விட்டுப் பார்த்தால் சங்கிலி உரசிய வழவழப்பு தெரியும்.

கதவைத் தாண்டினால் அறை இல்லை. நாலு பேர் நெருக்கி நிற்கிற ஒரு பொந்து. நேரே ஒரு கதவு சரக்கறைக்கு, ஒரு பக்கம் காவல்காரன் அறை, மறுபக்கம் படிக்கட்டு. தலைக்கு மேலே சதுரமாக ஓர் ஓட்டை. கொலைத்துளை. அதற்கும் மேலே, வெளிப்புறம், கூரை விளிம்பில், வாசலுக்கு நேர் மேலாக ஒரு கல் மாடம் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குத் தரை கிடையாது, வெறும் திறப்புதான். அங்கே நின்று கீழே எதை வேண்டுமானாலும் போடலாம்.

ஆக, கதவை உடைக்க வருபவனுக்கு வெளியே நின்றாலும் தலையில் விழும், உள்ளே நுழைந்தாலும் தலையில் விழும். இது முழு உண்மை.

பிப்ரவரி 4

எண்ணெய் விஷயம் விட்டுப்போச்சு. நம்ப மாட்டேன். வெண்ணெயும் கொழுப்பும் சாப்பிடுகிற ஊரில் எண்ணெய் ஏது? இருந்ததை எவன் அண்டாக் கணக்கில் கொட்டுவான்? கல் போதும். சுடுதண்ணி போதும். அந்த ஓட்டையின் அன்றாட வேலை, மாடியிலிருந்து "யாரது?" என்று கேட்பதாகத்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம். நம்ம அபார்ட்மென்ட் கதவில் இருக்கும் கண்ணாடித் துளை மாதிரி. கூடவே கல் போடும் வசதி.

பிப்ரவரி 10, ஞாயிறு

இன்று ஒன்றுக்குப் போனோம். டிக்கெட் கவுன்ட்டர் இல்லாத, பெயர்ப் பலகை இல்லாத, ஒருவர் மாட்டுத் தோட்டத்தில் நிற்கிற கோபுரம். தோட்டக்காரரிடம் கேட்டோம். "போங்க, கேட்டை மட்டும் மூடிட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான் அனுமதி.

உள்ளே இருட்டு. படிக்கட்டு முழுக்கக் காக்கைச் சுள்ளி. இங்கே ஜாக்டா என்று ஒரு சின்னக் காக்கை இனம், கூடு கட்டுகிறேன் என்று வாய் கொள்ளாமல் கொண்டுவந்து கீழே தவறவிட்டே அரை வண்டி விறகு சேர்த்துவிடும். அதை மிதித்து ஏறும்போது ஒரு படியில் கால் இடறி, முட்டி நேராகக் கல்லில். கையிலிருந்த தெர்மோஸ் சுற்றிச் சுற்றிக் கீழே போனது. அதன் சத்தம் அடங்க வெகு நேரமானது. என் வீட்டுக்காரர் கீழேயிருந்து, "ஐநூறு வருஷம் கழிச்சும் வேலை செய்யுது பாரு" என்றார். அந்த மனுஷனைக் கொலைத்துளைக்கு நேரே நிறுத்தியிருக்கலாம்.

அவர் சொன்னது என்னவென்றால், இடறு படி. ஒரே உயரத்தில் படிகள் வந்துகொண்டே இருக்கும்போது, ஒன்றை மட்டும் உயர்த்தி வைப்பார்களாம். வீட்டு ஆளுக்குப் பழகியிருக்கும், இருட்டில் ஓடிவரும் எதிரிக்குத் தெரியாது. மகளின் பள்ளி ஸ்கேலை வாங்கி அளந்தேன். 19, 20, 18, 20, அப்புறம் 26 சென்டிமீட்டர். அதுதான் என் முட்டி.

தெர்மோஸ் கிடைத்தது, நசுங்கி. மூடி கிடைக்கவில்லை.

பிப்ரவரி 11

மேலே சொன்னதில் எனக்கே சந்தேகம். 26-க்கு அடுத்த படி 17. அதாவது, ஒரு கல்லைச் சரியாக வைக்காமல் அடுத்த கல்லில் சமாளித்த கொத்தனார். திட்டமா, அலட்சியமா? என் அம்மா வீட்டு மாடிப்படியிலும் கடைசிப் படி உயரம் அதிகம். அங்கே எந்த எதிரியையும் உத்தேசித்துக் கட்டவில்லை.

பிப்ரவரி 13

"இவ்வளவு கோபுரம் கட்டப் பணம் எங்கேருந்து வந்தது, அரசாங்கம் மானியம் கொடுத்ததாமே" என்று கேட்டிருந்த தம்பிக்கு: ஆமாம். 1429-இல் ஒரு சட்டம். டப்ளினைச் சுற்றி ஆங்கில அரசின் பிடியில் இருந்த நாலு மாவட்டங்கள், லௌத், மீத், டப்ளின், கில்டேர். அங்கே இருக்கும் விசுவாசக் குடிமகன் பத்து வருஷத்துக்குள் ஒரு கோட்டை கட்டினால் 10 பவுண்டு. அளவும் சொல்லிவிட்டார்கள்: 20 அடி நீளம், 16 அடி அகலம், 40 அடி உயரம். அப்படித்தான் கோபுர வீடு பரவியது.

பிப்ரவரி 13, ஒரு மணி நேரம் கழித்து

கடைசி வரியை எடுத்துவிடுங்கள். அவசரத்தில் எழுதிவிட்டேன். மீத் மாவட்டத்தில் டோனோர் என்ற இடத்தில் அந்த அளவுக்கு ஏறக்குறைய அப்படியே பொருந்துகிற ஒன்று நிற்கிறது, சரி. ஆனால் கோபுர வீடுகள் மொய்த்துக் கிடப்பது அந்த நாலு மாவட்டத்தில் இல்லை. லிமெரிக், கால்வே, கிளேர், டிப்பரரி, கார்க். ஆங்கில அரசின் பத்துப் பவுண்டு எட்டிப் பார்க்காத சீமை. அங்கே அவனவன் கைக்காசில் கட்டியிருக்கிறான். மானியம் ஒரு காரணம், அவ்வளவே. பக்கத்து வீட்டுக்காரன் கட்டிவிட்டான் என்பது அதைவிடப் பெரிய காரணமாக இருந்திருக்கும். ஊர் உலகத்தில் வீடுகள் இப்படித்தானே உயர்கின்றன.

பிப்ரவரி 18

வாள், படிக்கட்டு. கேள்வி கேட்டவர் மூன்று முறை நினைவூட்டிவிட்டார்.

வலஞ்சுழியாக ஏறினால் நடுத்தூண் உங்கள் வலப்பக்கம் வரும். வலது கையை ஓங்க முடியாது, சரி. மேலே நிற்பவனுக்கு வலப்பக்கம் வெளிச்சுவர், அங்கே அகலம் அதிகம், சரி. கணக்கு இடிக்கவில்லை. ஆனால் கட்டியவர்கள் யாரும் இதை எழுதி வைக்கவில்லை. இந்த விளக்கம் 1902-இல் தியடோர் குக் என்ற ஆங்கிலேயர் எழுதியதிலிருந்து பரவியது என்கிறார்கள் தேடிப் பார்த்தவர்கள். அவருக்குச் சுருள் வடிவங்கள் மேலும் வாள்வீச்சு மேலும் ஏக மோகம். இடஞ்சுழியாக ஏறும் படிக்கட்டுகளும் கணிசமாக இருக்கின்றன. அங்கெல்லாம் வீட்டுக்காரன் இடதுகைக்காரன் என்று ஒரு கதை தயாராக வைத்திருப்பார்கள்.

நாங்கள் சோதித்தே பார்த்தோம். தோட்டக் கோபுரத்துக்கே மறுபடி போய், அவர் கீழே, நான் மேலே, ஆளுக்கு ஒரு குடை. முடிவு: இரண்டு பேருக்கும் வீச இடமில்லை. குத்தலாம். குத்துவதற்கு எந்தக் கை என்பது பெரிய விஷயமாகப் படவில்லை. எனக்குச் சாதகம், அவர் முகம் என் முழங்கால் உயரத்தில் இருந்தது. ஆனால் என் கால் அவர் குடைக்கு எட்டியது. மகள் வாசலிலேயே நின்றுகொண்டு எங்களைத் தெரியாத மாதிரி இருந்தாள்.

எனக்குத் தோன்றுவது: அந்தப் படிக்கட்டின் பாதுகாப்பு திசையில் இல்லை, குறுக்கத்தில். ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் ஏற முடியும். நூறு பேர் வந்தாலும் உங்கள் முன்னால் ஒருவன். அதற்கு எந்தப் பக்கம் திரும்பினால் என்ன?

இன்னொன்று. எதிரி படிக்கட்டில் இருக்கிறான் என்றால், கிராதி போச்சு, கதவு போச்சு, தலைக்கு மேல் கல் தீர்ந்துபோச்சு. அந்த நேரத்தில் வலது கையா இடது கையா என்பது கடைசிக் கவலை.

பிப்ரவரி 19

"அப்போ யாருக்குப் பயந்து கட்டினார்கள்?" சரியான கேள்வி. மாட்டுக்கு.

பிப்ரவரி 19, விளக்கமாக

மாட்டுத் திருடனுக்கு என்று சொல்ல வந்தேன். திருடன் என்ற சொல்லும் சரியில்லை, பக்கத்துத் தலைக்கட்டு. அன்றைய ஐரிஷ் சீமையில் சொத்து என்றால் மாடு. கடன், வரதட்சணை, அபராதம் எல்லாம் மாட்டுக் கணக்கு. ஒரு தலைவனை அவமானப்படுத்த வேண்டுமா, ராத்திரி போய் மந்தையை ஓட்டிக்கொண்டு வா. அடுத்த மாதம் அவன் வருவான்.

கோபுரத்தை ஒட்டி ஒரு மதில் சுற்றுக்கட்டு இருக்கும். 'பான்' என்று பெயர் ('பஸ்'ஸில் வரும் ப). ஐரிஷில் பசு, கோட்டை என்ற இரண்டு சொல்லும் சேர்ந்தது என்று பிரித்துச் சொல்வார்கள். பொழுது சாய்ந்ததும் மாடுகள் அதற்குள். அதாவது கோட்டை மாட்டுக்கு, மனிதர்கள் அதன் காவல் பரணில் குடியிருந்தார்கள் என்றும் சொல்லலாம்.

இப்படிப் பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது. வருபவன் முப்பது நாற்பது பேரோடு வருவான். பீரங்கி கிடையாது. விடிவதற்குள் போயாக வேண்டும். அவனை ஒரு ராத்திரி வாசலில் நிறுத்தி வைத்தால் போதும். இரண்டு மீட்டர் கனச் சுவர், குனிந்து போகும் கதவு, ஒரு சங்கிலி. இது கோட்டை இல்லை, நல்ல பூட்டுப் போட்ட வீடு.

(வெட்சி, கரந்தை என்று நாலு பேர் ஆரம்பித்திருக்கிறீர்கள். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. அதற்குத் தனி இழை திறங்கள், இங்கே வேண்டாம்.)

மார்ச் 2

கீழ்மாடியில் தீ பிடிக்காமல் இருக்க வளைவுக் கல்கூரை போட்டிருப்பார்கள் என்று சொன்னேனா? சொல்லவில்லை. போடுவார்கள். அதை எப்படிக் கட்டினார்கள் என்பது எனக்கு வாளைவிடச் சுவாரசியம். நம்மூரில் தளம் போடும்போது சென்ட்ரிங் அடிக்கிறோமே, அதேதான். மரச்சட்டத்தின் மேல் பலகைக்குப் பதில் குச்சியில் பின்னிய தட்டியைப் பரப்பி, அதன்மேல் சுண்ணாம்புக் காரை, அதன்மேல் கல். காய்ந்ததும் சட்டத்தைக் கழற்றிவிடுவார்கள். தட்டியின் அச்சு காரையில் அப்படியே தங்கிவிடும்.

தோட்டக் கோபுரத்தில் செல்போன் விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன். மேலே கூடையைக் கவிழ்த்த மாதிரி பின்னல். ஒரு குச்சி மேலே, அடுத்தது கீழே. ஓர் இடத்தில் பின்னினவர் ஒரு குச்சியைத் தவறவிட்டிருக்கிறார், வரிசை உடைந்து அடுத்த வரியில் சரியாகிறது. மர ஓரத்தில் கணு இருந்த இடம்கூடக் காரையில் பதிந்திருக்கிறது. கட்டினவன் பெயர் தெரியும், பின்னினவர் பெயர் யாருக்கும் தெரியாது. கழுத்து வலிக்கிற வரை பார்த்தேன்.

மார்ச் 9

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: "ஒரு ராத்திரிதான் தாங்கும் என்றால் ஏன் பெருமை பேசுகிறார்கள்?" நான் அப்படிச் சொல்லவில்லை. சில இடத்தில் பதினேழு நாள் தாங்கியிருக்கிறது. அதுவும் ஒன்பது பேரை வைத்துக்கொண்டு.

1588. இங்கிலாந்தைத் தாக்கப் புறப்பட்ட ஸ்பெயின் கடற்படை, அர்மடா என்பார்கள், அது சிதறி, அதன் கப்பல்கள் சில அயர்லாந்தின் மேற்குக் கரையில் நொறுங்கின. பிரான்சிஸ்கோ டி குவெய்யர் என்ற கேப்டன் ஸ்லைகோ கடற்கரையில் தப்பி, அடிபட்டு, துணி பறிபோய், அலைந்து, கடைசியில் மெக்ளான்ஸி என்ற தலைவரிடம் அடைக்கலமானார். லைட்ரிம் மாவட்டத்தில் மெல்வின் ஏரிக்குள் ரோஸ்க்ளோகர் என்ற கோட்டை. ஆங்கிலப் படை வருகிறது, 1,700 பேர். மெக்ளான்ஸி என்ன செய்தார்? மாட்டையும் சனத்தையும் ஓட்டிக்கொண்டு மலை ஏறிவிட்டார். (மாடுதான் முதலில். நான் சொன்னேன் அல்லவா.) கோட்டையை நாங்கள் காக்கிறோம் என்று இந்த ஸ்பானியர்கள் ஒன்பது பேரும் உள்ளே உட்கார்ந்துகொண்டார்கள்.

சுற்றிலும் ஏரி, ஏரியைச் சுற்றி நெஞ்சளவு சேறு. படை கரையில் நின்று மிரட்டியது, ஆசை காட்டியது. பதினேழு நாள். அப்புறம் பனியும் புயலும் வந்து, திரும்பிப் போய்விட்டது. மெக்ளான்ஸி இறங்கி வந்து, சந்தோஷத்தில் தன் தங்கையைக் கட்டிக்கொள் என்றாராம். டி குவெய்யர் கிறிஸ்துமஸ் கழிந்ததும் ஒரு விடியற்காலையில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டார். இதெல்லாம் அவரே பின்னால் ஆண்ட்வெர்ப்பிலிருந்து எழுதிய கடிதத்தில் இருக்கிறது. தங்கை பக்கத்துக் கதை எங்கேயும் இல்லை.

மார்ச் 17

இன்று இங்கே செயின்ட் பேட்ரிக் திருநாள், விடுமுறை. ஊரே பச்சை. சண்டையை விட்டு வீட்டுக்கு வருவோம்.

இந்தக் கோபுரத்தில் நல்ல அறை எது தெரியுமா? உச்சி மாடி. கீழே ஜன்னல் என்றால் கை நுழையும் பிளவு; மேலே போகப்போகத்தான் ஜன்னல் அகலும், வெளிச்சம் வரும். 1620 வாக்கில் லூக் கெர்னன் என்று லிமெரிக்கில் இருந்த ஒரு நீதிபதி இதை எழுதி வைத்திருக்கிறார். பாதுகாப்புக்காகப் படிகள் குறுகல் என்கிறார். கூடம் உச்சியில், ஏறிவிட்டால் நாளைக் காலைவரை இறங்க விடமாட்டார்கள் என்கிறார். வீட்டம்மா பரிவாரத்தோடு வந்து வரவேற்பார், வீட்டில் இருக்கும் அத்தனை பானமும் வரிசையாக வரும், அவர் முதலில் ருசி பார்த்துவிட்டுத் தருவார், மறுக்கக் கூடாது. கூடத்தின் நடுவில் நெருப்பு.

படித்துவிட்டுச் சிரித்தேன். விருந்தாளியை இறங்கவிடாமல் வைத்திருக்கவும் அதே குறுகல் படிதான். நாலு சுற்றுப் பானத்துக்கு அப்புறம் அந்த 26 சென்டிமீட்டர் படியில் எவன் இறங்குவான்?

பிப்ரவரி 18-இல் குறுகல்தான் விஷயம் என்று நான் சொன்னதற்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. கெர்னன் வலப்பக்கம் இடப்பக்கம் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மார்ச் 23

காரிகஃபோயில் போய் வந்தோம். கெர்ரி மாவட்டம், பாலிலாங்ஃபோர்ட் கிராமத்துக்கு அந்தப் பக்கம், ஷானன் ஆறு கடலோடு சேர்கிற அகலத்தில். கதவு பூட்டியிருந்தது. பரவாயில்லை, பார்க்க வேண்டியது வெளியில்தான்.

இந்தக் காரைச்சுவரை எப்படிச் சொல்ல? மெல்லிய பலகைக் கற்கள், ஒரு விரல் இரண்டு விரல் கனம், புத்தகம் அடுக்கினாற்போல அடுக்கி 26 மீட்டர் உயரம். பதினைந்தாம் நூற்றாண்டுக் கடைசியில் ஓ'கானர் கெர்ரி குடும்பம் கட்டியது. ஆற்றில் போகிற கப்பல்களைக் கண்காணிக்க இதைவிட இடம் கிடையாது. தண்ணீர் ஏறும்போது இது தீவு, படகு மதிலை ஒட்டியே வரலாம்.

ஒரு பக்கம் நின்று பார்த்தால் முழுசாக இருக்கிறது. சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனால் சுவர் இல்லை. கீழிருந்து மேலே வரை கிழித்துப் போட்டிருக்கிறது. உள்ளே மாடி மாடியாகத் தெரிகிறது. ஒரு மாடத்தில் நெருப்பு மூட்டிய இடம், அதற்கு மேல் வளைவுக் கூரையின் பாதி, அந்தரத்தில் முடிகிற ஒரு வாசல். பீரோ கதவைத் திறந்து வைத்த மாதிரி ஒரு குடும்பத்தின் வீடு.

1580, மார்ச் கடைசி. டெஸ்மண்ட் பிரபு ஆங்கில அரசை எதிர்த்து எழுந்த கலகத்தின்போது. உள்ளே 16 ஸ்பானியர், 50 ஐரிஷ்காரர், கொஞ்சம் பெண்கள், குழந்தைகள். பாதுகாப்பு வேலைகளை ஓர் இத்தாலியப் பொறியாளர் பார்த்தார். வெளியே ஆங்கில அரசின் வில்லியம் பெல்ஹாமின் படை. பீரங்கிகள் கப்பலில் வந்தன. இரண்டு நாள். இரண்டாம் நாள் சுவர் சரிந்தது. உள்ளே இருந்தவர்களில் யாரையும் விட்டுவைக்கவில்லை. சேதி எட்டியதும் கலகக்காரர் கையிலிருந்த அஸ்கீட்டன் கோட்டையில் இருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஊர்ப் பெயருக்கு அர்த்தம், ஓட்டைப் பாறை. அந்தப் பெயர் இந்தச் சண்டைக்கு முன்பே வந்தது.

வரும் வழியில் யாரும் பேசவில்லை. மகள் மட்டும், "அந்தக் குழந்தைங்க மேல் மாடியில இருந்திருப்பாங்களா?" என்று கேட்டாள்.

மார்ச் 24

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

"ஒரு ராத்திரிப் பூட்டு" என்று பிப்ரவரி 19-இல் எழுதினேன். தப்பில்லை, ஆனால் பாதி. பீரங்கி வந்தபிறகு இவை செல்லாக் காசு என்றும் ஒருவருக்குத் தனியாகப் பதில் எழுதியிருந்தேன். அது தப்பு. அயர்லாந்தில் பீரங்கியால் கோட்டை ஒன்று இடிந்ததாக முதலில் பதிவாகி இருப்பது 1488-இல். கில்டேர் பிரபு வெஸ்ட்மீத்தில் பால்ராத் கோட்டையைத் தகர்த்தார். அதற்கப்புறமும் 150 வருஷம் கோபுர வீடுகளைக் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். முட்டாள்களா?

இல்லை. பீரங்கி இருந்தால் போதாது, அது வந்து சேர வேண்டும். ரோடு கிடையாது. இந்த நாட்டின் சேற்றைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன வருஷம் எங்கள் கார் ஒரு சதுப்புப் பாதையில் அச்சுவரை இறங்கி, டிராக்டர் வந்துதான் வெளியே எடுத்தது. டன் கணக்கில் வெண்கலத்தை அதில் எப்படி இழுப்பது? ரோஸ்க்ளோகரில் 1,700 பேர் கரையில் நின்றது அதனால்தான். சேறுதான் அங்கே மதில்.

காரிகஃபோயிலில் ரோடே தேவைப்படவில்லை. ஷானன் கொண்டுவந்து இறக்கியது. கப்பலிடம் வரி வாங்க எந்தத் தண்ணீரை ஒட்டிக் கட்டினார்களோ, அந்தத் தண்ணீரிலேயே வந்தது. 1602-இல் டன்பாய், ஓ'சல்லிவன் பேர் என்ற குடும்பத்தின் கோட்டை, கார்க்கின் கடலோரம். 143 பேர் காத்தார்கள். அங்கேயும் ஆங்கிலத் தளபதி ஜார்ஜ் கேரூவின் படை கடல் வழியாக வந்தது, பீரங்கி வேலையை முடித்தது. உயிரோடு சரணடைந்தவர்களைத் தூக்கிலிட்டார்கள்.

ஏரியா, ஆறா, கடலா. வெறும் தண்ணீர் என்று நினைத்திருந்தேன். எங்கே போய்ச் சேரும் தண்ணீர் என்பதுதான் கேள்வி.

மார்ச் 25

கில்லார்னி ராஸ் கோட்டையை நினைவூட்டிய அண்ணனுக்கு நன்றி, என் கட்சிக்கு நீங்களே ஆள் சேர்க்கிறீர்கள். ஏரிக்கரைக் கோபுரம், ஓ'டோனஹூ குடும்பத்துடையது. ஏரியில் கப்பல் ஓடும் நாள்வரை இது விழாது என்று ஒரு வாக்கு இருந்ததாம். 1652-இல் க்ராம்வெல் தரப்பு, அதாவது ஆங்கில நாடாளுமன்றப் படையின் தளபதி லட்லோ படகுகளை ஆற்று வழியாக மேலே ஏற்றிக்கொண்டு வந்து ஏரியில் இறக்கினார். உள்ளே இருந்த மஸ்கெரி பிரபு சரணடைந்தார். வாக்குக்குப் பயந்தா, படகிலிருந்த பீரங்கிக்கா என்று யாரும் கேட்கவில்லை.

மார்ச் 30

"ப்ளார்னி கல்லுக்கு முத்தம் கொடுத்தீர்களா?" கொடுத்தேன். (ப்ளார்னி கோட்டை உச்சியில் இருக்கும் கல், முத்தமிட்டால் பேச்சுத்திறன் வரும் என்பார்கள்.) டெட்டால் வாசனை அடித்தது. ஆனால் ஒன்று கவனித்தீர்களா? ப்ளார்னியும் கோபுர வீடுதான், மெக்கார்த்திகள் 1446-இல் கட்டியது. மல்லாக்கப் படுத்துத் தலையைத் தொங்கப் போடுகிறோமே ஓர் இடைவெளி, அதுதான் முதல் நாள் நான் சொன்ன தரை இல்லாத மாடத்தின் பிளவு. கீழே வருபவன் தலையில் கல் போட விட்ட இடம். இப்போது உலகம் முழுக்க இருந்து ஆட்கள் வரிசையில் நின்று காசு கொடுத்து அதில் தலையை விடுகிறார்கள். இடுப்பை ஒருவர் பிடித்துக்கொள்வார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஏப்ரல் 2

மெத்தச் சோகமாகிவிட்டது என்று புகார். சரி, ஒரு பிஷப் கதை. டவுன் மாவட்டத்தில் கில்க்ளீஃப் என்று ஒரு கோபுர வீடு, காலம் தெரிந்தவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று. 1413-க்கும் 1441-க்கும் நடுவில் ஜான் ஸீலி என்ற பிஷப் கட்டியது. முன்புறம் இரண்டு கோபுர மூலைகள் நீட்டி நிற்கும், உச்சியில் இரண்டையும் ஒரு வளைவு சேர்க்கும், வளைவுக்குப் பின்னால் கல் போடும் பிளவு. அதற்குள் பிஷப் பகிரங்கமாக லெட்டிஸ் சாவேஜ் என்ற இன்னொருவர் மனைவியோடு குடித்தனம் நடத்தினார். பதவி போனது. இரண்டாவது மாடியில் அடுப்பு மாடத்துக்கு உத்தரக்கல்லாக வைத்திருப்பது ஒரு பழைய சவப்பெட்டி மூடி. எவ்வளவு கனச் சுவர் கட்டினாலும் ஊர் வாய்க்கு இடறு படி கிடையாது.

(பிப்ரவரி 13-இல் 1429 சட்டத்தைப் பெரிதாகப் பேசியதற்கு இதுவும் ஒரு குட்டு. பிஷப்புக்கு எந்த மானியமும் இல்லை.)

ஏப்ரல் 14

தோட்டக் கோபுரத்துக்கு மூன்றாம் முறை. ஸ்கேல், டார்ச், முட்டிக்கு ஒரு பட்டை. காக்கைச் சுள்ளியை ஒதுக்கிவிட்டு எல்லாப் படியையும் அளந்தேன். மொத்தம் 41 படி நிற்கிறது. 26 சென்டிமீட்டர்ப் படிக்குக் கீழே இருந்த படியைச் சுத்தம் செய்து பார்த்தால், அதன் நடு தேய்ந்து குழிந்திருக்கிறது. சுவர் ஓரத்தில் அளந்தால் வித்தியாசம் 21தான். கொத்தனார் மேல் பழி போட்டேன், எதிரி மேல் போட்டேன். ஐநூறு வருஷமாக ஏறி இறங்கின காலும் மழைத்தண்ணியும் செய்த வேலை. 17 சென்டிமீட்டர்ப் படியை என்ன சொல்வது என்று இன்னும் புரியவில்லை.

இந்தக் கோபுரத்துப் படி, இடஞ்சுழி. குடைச் சண்டை போட்டபோது நாங்கள் இரண்டு பேருமே கவனிக்கவில்லை. ஆக, பிப்ரவரி 18-இல் என் பரிசோதனையில் இடமும் வலமும் தலைகீழ். கோட்டைவாசல் தம்பி, மன்னிக்க. வலஞ்சுழியில் ஒன்று பார்த்து மறுபடி செய்ய வேண்டும், அவர் வரமாட்டேன் என்கிறார்.

தெர்மோஸ் மூடியை மகள் கண்டுபிடித்தாள். முதல் மாடி ஜன்னல் பிளவில், ஜாக்டா கூட்டுக்குள். மூன்று முட்டை அதன் பக்கத்தில் இருந்தது. எடுக்கவில்லை.

கேட்டை மூடிவிட்டு வந்தோம்.